மலைக்கெல்லாம் ஒரே மெயில் ஐடி

இன்றைக்கும் யாராவது கடைவாசலில் நின்று போனை நீட்டி, "ஏனுங்க, இது எப்படிங்க?" என்று ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பதில் அதற்கப்புறம்தான். என் கோபம் ஏற்காடு பஜாருக்கே தெரிந்த சங்கதி. "பாயம்மா கடையில சாமான் சுத்தமா இருக்குமுங்க, வாய்தான் ஆகாது" என்பார்கள். சொல்லிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களே வந்து நிற்பார்கள்.

ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் இப்போது யார் கேட்டாலும் நான் கத்துவதில்லை. எழுந்து நின்று, போனைக் கையில் வாங்கி, அடிமுதல் நுனிவரை பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். "என்ற போன்ல எனக்குத் தெரியாத நம்பரெல்லாம் இருக்குதுங்க" என்கிற கேள்வி அது. அதற்கு ஒரு காலத்தில் நான் சொன்ன பதிலால் ஒரு பெண்ணை அவள் வீட்டை விட்டே துரத்தினார்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிகிறது. யார்மேல் என்று கேட்டால் ஒரு பட்டியலே இருக்கிறது, அதில் முதல் ஆள் நான்தான்.

டச் போன் மலையேறி வந்த புதிது. ஸ்மார்ட் போன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், டச் போன்தான். அத்தாவின், அதாவது என் அப்பாவின், கடை குடையும் கம்பளியும் ரப்பர் செருப்பும் விற்கிற கடை. அதில் பாதியை நான் பிடுங்கிக்கொண்டு கண்ணாடிப் பெட்டி போட்டு, ரீசார்ஜ், மெமரி கார்டு, போன் என்று ஆரம்பித்தேன். சேலத்தில் ஒரே ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவள் நான். அந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு, சேர்வராயன் மலைக்கே நான்தான் இன்ஜினியர் என்கிற நினைப்பு எனக்கு.

கேள்விகள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே காத்திருக்கும்.

"பழைய போனு ஒருக்கா சார்ஜ் போட்டா ஒரு வாரம் நின்னுதுங்க. இது பொழுது சாயறதுக்குள்ள செத்துப்போகுது. ஏமாத்திப் போட்டீங்களா?"

"நெட்டை அமத்திப்போட்டா போன் வருமுங்களா?"

"மெமரி புல்லுன்னு காட்டுதுங்க. நான் ஒண்ணுமே வெக்கலியே, ஆரு கொண்டாந்து வெச்சது?"

"பேசறப்ப கன்னத்துல பட்டுப் பட்டுக் கட்டாகுதுங்க. கன்னத்தை எங்க வெச்சுக்கறது?"

ஒரே கேள்வியை ஒரே நாளில் இருபது பேர் கேட்டால் மனுஷிக்கு எப்படி இருக்கும்? நான் வள்ளென்று விழுவேன். "கன்னத்தைக் கழட்டி ஊட்டுல வெச்சிட்டு வாங்க" என்பேன். கேட்டவர் சிரிப்பார், பின்னால் நிற்பவர்களும் சிரிப்பார்கள். சிரிக்கிறார்களே, அப்படியானால் நான் பேசுவது சரிதான் என்று எனக்கு ஒரு தைரியம். அத்தா மட்டும் கம்பளிக் கட்டுக்குப் பின்னாலிருந்து, "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்று முணுமுணுப்பார். அதையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்ததில்லை. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் பெண்கள் வருவார்கள். விரல் நுனியெல்லாம் கறுத்து, காய்ப்புக் காய்த்து இருக்கும். அந்த விரலைத் திரை ஏற்றுக்கொள்ளாது. "உங்க கைக்கு வேலை செய்யுது, என்ற கைக்கு மட்டும் செய்யமாட்டேங்குதுங்களே" என்பார்கள். அப்போது கம்பெனிக்காரனைத்தான் திட்டுவேன். ஏசி ரூமில் உட்கார்ந்து வழவழவென்று கை வைத்திருக்கிறவன் செய்த சாமான், வேலை செய்கிற கைக்கு எப்படி ஒத்துவரும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புதுப் போனைத் திறந்தால் முதலில் ஒரு மெயில் ஐடி கேட்கும். அது இல்லாவிட்டால் எந்த ஆப்பும் ஏறாது. வாழவந்தியில் மிளகு போடுகிறவரிடமும் கொட்டச்சேட்டில் காப்பி பறிக்கிறவளிடமும் மெயில் ஐடிக்கு எங்கே போவது? நான்தான் புதிதாக உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, பாஸ்வேர்டு. பிறந்த தேதி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, "மொதப் பையன் பொறக்கறதுக்கு இருவது வருசம் முன்னாடிங்க" என்பார்கள். மலையில் கிடைக்கிற சிக்னலில் ஒரு ஐடி உண்டாக்க அரை மணி நேரம் ஆகும். மறு வாரமே அவர்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து, "நீங்கதானே வெச்சீங்க, நீங்களே சொல்லுங்க" என்று நிற்பார்கள்.

எனக்குப் போன் சப்ளை செய்த சேலத்து மொத்தக் கடைக்காரரிடம் ஒரு நாள் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்தார். "அட ஏம்மா இவ்வளவு சிரமம்? கடைக்குன்னு ஒரு ஐடி வெச்சுக்க. விக்கற போனுக்கெல்லாம் அதையே போட்டு உட்டுரு. ரெண்டு நிமிசம் வேலை. எல்லாக் கடையிலயும் அப்படித்தான் பண்றாங்க" என்றார்.

அட, இது தெரியாமல் போயிற்றே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து நான் விற்ற ஒவ்வொரு டச் போனுக்கும் என் கடை ஐடியைத்தான் போட்டேன். வாழவந்தி, வெள்ளக்கடை, கொட்டச்சேடு, மலையில் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஒரே ஐடி. சாவி ஒன்று, வீடு நூறு. ஒரு போனில் பதிகிற நம்பர் அந்த ஐடிக்குள் போய், அங்கிருந்து மற்ற எல்லாப் போனுக்கும் இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும் என்பதும் தெரியாது. சேலத்தாரும் சொல்லவில்லை. நெட்டு இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். மலையில் நெட்டு வருவதும் போவதுமாக இருந்ததால், அது அரைகுறையாக, நேரம் தப்பி நடந்துகொண்டிருந்தது. அதனால் யாருக்கும் பிடிபடவில்லை.

ஆனால் கேள்வி வர ஆரம்பித்தது. "என்ற போன்ல ஆரோட நம்பரோ இருக்குதுங்க. கோழிக்கடைன்னு ஒண்ணு, லோடு வண்டின்னு ஒண்ணு. நான் பதியவே இல்லீங்க."

அதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். போன் கடைக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிற பதில்தான். "எங்கயாவது அமுக்கியிருப்பீங்க."

அடக் கொடுமையே, எங்கே அமுக்கினால் கோழிக்கடை நம்பர் தானாக வந்து உட்காரும்? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. கேட்டவர்களோ, படித்தவள் சொல்கிறாள், நாம்தான் எதையோ அமுக்கிவிட்டோம் போல என்று தங்கள் விரலையே சந்தேகப்பட்டுக்கொண்டு போனார்கள்.

அந்தப் பெண் வந்தது காப்பி பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் இருந்தாள். அம்மா வீடு வெள்ளக்கடை. கல்யாணமாகி மூன்று வருஷம். புருஷன் அதே எஸ்டேட்டில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். அவன் கையில் பட்டன் போன்தான். இவள் தன் பறிப்புக் கூலியில் ஒரு டச் போன் வாங்கியிருந்தாள். திருப்பூரில் வேலை செய்கிற தம்பி அனுப்புகிற போட்டோவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பொம்பளைக்கு எதற்கு டச் போன் என்று அவன் அப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம். அதை அவளே வாங்கும்போது சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

அன்று அவள் சிரிக்கவில்லை. கடையில் சுற்றுலாக்காரக் கூட்டம், மெமரி கார்டு கொடு, கேமரா பேட்டரி கொடு என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரமாக நின்று, கூட்டம் விலகட்டும் என்று காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள். "அக்கா, என்ற போன்ல பூராவும் ஆம்பளையாளுக நம்பரா இருக்குதுங்க. நான் பதியலீங்கக்கா. ஊட்டுல பாத்தா தப்பா நெனைப்பாங்க."

"எங்கயாவது அமுக்கியிருப்பே கண்ணு."

"இல்லீங்கக்கா. சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலீங்க. நீங்களே பாருங்க."

"இத்தனை கூட்டத்துல உன்ற போனை உக்காந்து பாக்கறதா எனக்கு வேலை? வேண்டாததை அழிச்சுப்போடு, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, ஒரு நம்பரை அழுத்திப் பிடித்து, எப்படி அழிப்பது என்று காட்டினேன். "இப்படி ஒண்ணொண்ணா அழி. போ சாமி, போ."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வாழவந்தியிலிருந்து மிளகு வியாபாரி ஒருவர் வந்து மேஜையில் போனைத் தட்டினார். "என்றுதுல பாதி நம்பரைக் காணோமுங்க! ஏவாரம் எப்படிப் பண்றது? போனு தின்னுபோட்டுதா?"

அதற்கும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. பஜாரே வேடிக்கை பார்த்தது. "கண்ட கண்ட எடத்துல விரலை வெச்சிட்டு இங்க வந்து என்னைக் கேக்கறீங்களா?" என்று நான் கத்த, அவர் கோபத்தில் வாசலில் தொங்கிய குடைகளைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு போனில் வேண்டாத நம்பர் வருகிறது, இன்னொரு போனில் வேண்டிய நம்பர் போகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வாய் வேலை செய்யும்போது மூளைக்கு எங்கே இடம்?

அன்று மத்தியானம்தான் அந்தப் பெண்ணின் புருஷன் வந்தான். கையில் அவள் போன். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் பேசினான், அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"ஏனுங்க, நீங்கதானே மலைக்கெல்லாம் ரீசார்ஜ் போடறீங்க. இந்த நம்பரு ஆருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் 'உசுரு' என்று பதிந்திருந்தது.

"எங்கூட்டுக்காரி போன்ல இருக்குதுங்க. கூப்புட்டா ஒரு ஆம்பளை எடுத்து ஆருங்கறான். நேத்து அவ உக்காந்து ஒவ்வொரு நம்பரா அழிச்சிட்டிருந்தா. கையும் களவுமாப் புடிச்சேன். எதுக்கடி அழிக்கறேன்னா, பாயம்மாதான் அழிக்கச் சொல்லிக் குடுத்தாங்கங்கறா. ஏனுங்க, நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?"

எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. அந்த 'உசுரு' நான் தட்டியது. போன மாதம் வாழவந்தியிலிருந்து ஒரு புதுப் பொண்டாட்டி போன் வாங்க வந்திருந்தாள். புருஷன் நம்பரை என்ன பேரில் பதிய என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு, காதோரம் வந்து, "உசுருன்னு போடுங்கக்கா" என்றாள். நான் கேலி பண்ணிக்கொண்டே என் கையால் தட்டிக் கொடுத்தேன். வாழவந்திக்காரியின் உசுரு கொட்டச்சேட்டுக்காரி போனில் எப்படி வந்து உட்கார்ந்தது? இரண்டு போனுக்கும் பொது என்று ஒன்றுதான் உண்டு. என் கடை ஐடி.

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆமாம், நான்தான் அழிக்கச் சொன்னேன், தப்பு என் கடையில் நடந்திருக்கிறது என்று இரண்டு வார்த்தை. ஆனால் பயம் வந்துவிட்டது. நூறு போன், நூறு வீடு, எல்லோரும் திரண்டு வந்து கடையை உடைப்பார்கள்.

"நம்பர் யாருதுன்னு தெரியலீங்க. தெனமும் நூறு பேர் வர்றாங்க, யாருக்கு என்ன சொன்னேன்னு எனக்கு நெனப்பில்லீங்க."

"அப்ப அவ சொல்றது பொய்யி" என்றான். கேள்வியாகச் சொல்லவில்லை. போனை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவள், பேச வேண்டிய ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன். தூ என்று என்னையே துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெட்டி பிரிக்காத ஒரு போனை எடுத்து என் ஐடியைப் போட்டேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு பெயர் வந்தது. இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. சின்னத்தை, கண்டக்டர், மோட்டார் ரிப்பேர், ரைட்டர், கொழுந்தியா. மலையில் இருக்கிறவர்கள் எல்லாம் வரிசையாக வந்து என் உள்ளங்கையில் நின்றார்கள். அவள் அழித்தது போக மீதி. கடைசியில் உசுரு.

சேலத்தாருக்குப் போன் போட்டேன். அவர் அசரவே இல்லை. "அது அப்படித்தாம்மா வரும். அதுல என்ன இருக்கு? நம்பர்தானே?" என்றார்.

"நம்பர்தானேவா? உங்க வீட்டம்மா போன்ல நாற்பது ஆம்பளை நம்பர் இருந்தா நம்பர்தானேன்னு விடுவீங்களா?" என்று கத்தினேன். அவர் வைத்துவிட்டார். அந்த ஆளிடம் அதற்கப்புறம் ஒரு சார்ஜர்கூட நான் வாங்கவில்லை. ஆனால் அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? பொய் சொன்னது அவரா?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொட்டச்சேட்டுக்குக் கிளம்பினேன். "ஊர் வம்பு நமக்கெதுக்கும்மா? கல்லெடுத்து அடிப்பாங்க" என்றார் அத்தா. "அடிக்கட்டும்" என்றேன். லைன் வீட்டில் அவள் இல்லை. புருஷனும் அவன் அம்மாவும்தான் இருந்தார்கள். நேற்றே அவளை அடித்து, துணிப்பையோடு வெள்ளக்கடைக்கு பஸ் ஏற்றிவிட்டார்களாம். கடைக்காரம்மாவே தெரியாது என்று சொல்லிவிட்டாள், இனி என்ன பேச்சு என்று மாமியார்க்காரி என்னிடமே சொன்னாள். நான்தான் அந்தக் கடைக்காரம்மா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தக் கடைக்காரி நான்தானுங்க. நான் சொன்னது பொய். உங்க மருமக சொன்னதுதான் நெசம். நான்தான் அழிக்கச் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

புருஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நேத்துக் கேட்டப்ப நெனப்பில்லைன்னீங்க. இன்னைக்கு எப்படிங்க நெனப்பு வந்துச்சு? அவங்கம்மா வந்து அழுதாங்களா?"

நன்றாகத்தான் கேட்டான். ஒரு தடவை பொய் சொன்னவள் சொல்கிற உண்மைக்கு என்ன மதிப்பு? என்னதான் விளக்கினாலும் அவர்களுக்கு ஏறவில்லை. "ஒருத்தி போன்ல பதிஞ்சது இன்னொருத்தி போனுக்கு எப்படிங்க பறந்து வரும்? எங்களைக் கேனையன்னு நெனச்சீங்களா?" என்றான். கடைசியில், "காட்டறேன், வாங்க" என்றேன்.

லைன் வீட்டில் சிக்னல் கிடையாது. காப்பி காயப்போடுகிற களத்துக்குப் போனால்தான் ஒரு கோடு வரும். எல்லோரும் அங்கே போனோம். சேதி தெரிந்து நாலைந்து ஆட்கள் கூடினார்கள், கூலிக் கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டரும் வந்தார். அவரும் என்னிடம் போன் வாங்கியவர்தான். காப்பியைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். ரைட்டர் போனை வாங்கி அவள் புருஷனிடம் கொடுத்தேன். "நீங்களே ஒரு பேரு பதிங்க. எனக்குக் காட்டாதீங்க." அவனுக்கு டச் போன் பழக்கமில்லை, ரைட்டர் உதவி செய்து எதையோ பதிந்தார்கள். நான் கொண்டுபோன புதுப் போனை அவன் இன்னொரு கையில் வைத்தேன்.

சனியன் பிடித்த நெட்டு, வரவில்லை. வெயிலில் நின்றோம். "கதையெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று எவனோ சொன்னான். மாமியார் சிரித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் அத்தனை கேள்விக்கும் கத்திய கத்தலெல்லாம் எனக்கே திரும்பி வந்த மாதிரி, அந்தப் பத்து நிமிஷம் அவ்வளவு கேவலமாக இருந்தது. அப்புறம் அவள் புருஷன் தன் கையிலிருந்த புதுப் போனைக் குனிந்து பார்த்தான். அவன் பதிந்த பெயர் வந்துவிட்டது. 'பிக்கப்' என்று அவன் ஓட்டுகிற வண்டி.

ரைட்டருக்குத்தான் முதலில் உறைத்தது. "அப்ப என்ற போன்ல இருக்கறதெல்லாம் மலை பூரா எல்லாத்துக்கும் தெரியுமுங்களா?" என்றார். அவர் குரலே மாறியிருந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டு தள்ளிப் போய் எதையோ வேகவேகமாக அழித்தார். அப்புறம் என்மேல் பாய்ந்தார்கள். குடும்பத்தைக் கெடுக்க வந்தவள், படித்த திமிர், கடையைச் சாத்த வைக்கிறோம் என்று ஆளுக்கொன்று. நியாயம்தானே.

அவள் புருஷன் திட்டவில்லை. ஏதோ கணக்குச் சரியாகிவிட்டது போலத் தலையாட்டினான். "சரிங்க. தப்பு உங்குளுதுன்னு ஆச்சு. அவளை வரச்சொல்லுங்க" என்றான்.

"நான் எதுக்குச் சொல்லோணும்? அடிச்சுத் தொரத்தினது நீங்க. நீங்க போய்க் கூப்புடுங்க."

"நான் எதுக்குங்க போகோணும்? தப்பு உங்குளுதுதானே?"

அந்த ஆளை அந்தக் களத்துக் காப்பியிலேயே போட்டுப் புரட்டலாம் போல வந்தது. அடித்த கை அவனுடையது, துரத்திய வாய் அவனுடையது, தப்பு மட்டும் கடைக்காரியுடையது. ஆனால் அவனிடம் சண்டை போட்டால் அவள் வாழ்க்கை இன்னும் கெடும் என்று பயந்து, சரி என்று சொல்லிவிட்டு வெள்ளக்கடைக்குப் போனேன்.

அவள் அம்மா வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கி, ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐடி, உசுரு, களம், எல்லாம். எல்லோர் முன்னாலும் நிரூபித்துவிட்டேன், அவனே வரச்சொல்லிவிட்டான் என்று சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவள் எழுந்து பையை எடுப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"மூணு வருசம் கூட இருந்த நான் சொன்னா பொய்யி. முந்தாநேத்து வந்த போனு சொன்னா நெசமாங்கக்கா?" என்றாள். "அப்ப அந்தப் போனையே சோறாக்கிப் போடச் சொல்லுங்க."

"அப்படிச் சொல்லாத கண்ணு. அந்த ஆளு பண்ணது தப்புத்தான். பொண்டாட்டியை நம்பாம…"

"நீங்க நம்புனீங்களா?" என்று கேட்டாள்.

கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள்.

"நான் மொதல்ல உங்ககிட்டத்தானே வந்தேன். சத்தியமா நான் பண்ணலைன்னு சொன்னேன். அவரு அடிக்கறப்பக்கூட எனக்கு ஒரு தைரியம். பாயம்மாகிட்டப் போய்க் கேளுங்க, அவங்க சொல்லுவாங்கன்னு நான்தானுங்க அனுப்பிவெச்சேன்."

அதற்கப்புறம் அவள் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. விறகை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். உள்ளேயிருந்து அவள் அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போலிருந்தது. அந்தக் காப்பியை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் முழுக்க நான் விற்ற போன்களைத் தேடித் தேடிப் போய் ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி போட்டுக் கொடுத்தேன். திட்டு வாங்காத ஊர் இல்லை. வாழவந்தியில் ஒரு வீட்டில் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள். பாதி வாடிக்கை போயிற்று. போகட்டும். அது எனக்கு ஒரு விஷயமே இல்லை. அவள் திரும்பிப் போகவில்லை. அவன் இரண்டு மூன்று தடவை ஆள் அனுப்பினான், தானாக ஒரு நாளும் வரவில்லை. போன்தான் சொல்லிவிட்டதே, இன்னும் இவளுக்கு என்ன வீராப்பு என்று ஊர் பேசியது. பேசியவர்களில் பெண்களும் உண்டு. அவர்களையெல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வருஷப் பறிப்பு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். வெள்ளக்கடைப் பக்கமே ஒரு எஸ்டேட்டில் வேலை செய்கிறாளாம். பழைய போன் அவனிடமே போய்விட்டது. புதிதாக ஒன்று வேண்டும் என்றாள். வேறு கடைகளும் அதற்குள் வந்துவிட்டன, ஏன் என்னிடம் வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியம் வரவில்லை. கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, அவளுக்கு நாற்காலி போட்டேன். அவள் பெயரிலேயே மெயில் ஐடி உண்டாக்க ஆரம்பித்தேன். பெயர், பிறந்த தேதி, எல்லாம் அவளே பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.

பாஸ்வேர்டு கேட்கிற இடம் வந்ததும் அவள் விரல் நின்றது. போனை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கங்கக்கா."

நான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை நான் திரும்பவில்லை.